சத்தம் வைக்காமல் பார்த்த ஆட்டம்

பெங்களூரில் நான் தோற்ற ஆட்டத்தின் வீடியோவை வீட்டுக்கு வந்து, போனில் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டுத்தான் பார்த்தேன். எங்கள் வீட்டில் எதையுமே அப்படித்தான் பார்ப்போம். சீரியலில் மருமகள் அழுவதும் சத்தமில்லாமல்தான், கிரிக்கெட்டில் சிக்சர் பறப்பதும் சத்தமில்லாமல்தான். இயர்போன் மாட்டலாமே என்று கேட்பார்கள். மாட்டமாட்டேன். அம்மா எழுந்து வாசலுக்குப் போனால் எனக்குக் கேட்க வேண்டும். அன்றைக்கு அம்மா அடுப்படியில் கிழங்கா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சுவரில் சாய்ந்துகொண்டு அந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். எத்தனை முறை ஓட்டினாலும் நான்தான் ஜெயித்திருக்க வேண்டும்.

நான் ஆடுவது கெண்டோ. சொன்னால் கராத்தேவா என்பார்கள், சிலம்பமா என்பார்கள். இரண்டும் இல்லை. ஜப்பான்காரர்களின் வாள் ஆட்டம். வாளுக்குப் பதிலாக மூங்கில் பட்டைகளைச் சேர்த்துக் கட்டிய கம்பு. முகத்துக்குக் கம்பி போட்ட மூடி, நெஞ்சுக்குக் கவசம், கைக்குத் தடித்த உறை. பாண்டிச்சேரி வெயிலில் இதையெல்லாம் மாட்டிக்கொண்டு நிற்பதே ஒரு தண்டனைதான். உச்சந்தலையில் அடித்தால் 'மென்', மணிக்கட்டில் அடித்தால் 'கொத்தே'. எங்கே அடிக்கிறோமோ அந்தப் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே அடிக்க வேண்டும். மூன்று நடுவர்கள் கையில் சிவப்பும் வெள்ளையுமாகக் கொடி வைத்துக்கொண்டு நிற்பார்கள். அடி சரி என்று பட்டால் நம் முதுகில் கட்டியிருக்கும் ரிப்பனின் நிறக் கொடியைத் தூக்குவார்கள். இரண்டு பேர் தூக்கினால் புள்ளி. முதலில் இரண்டு புள்ளி எடுப்பவர் ஜெயித்தார், அதற்குள் நேரம் முடிந்தால் புள்ளி அதிகம் உள்ளவர்.

என் கம்பு அந்தப் பெண்ணின் உச்சந்தலையில் இரண்டு தடவை நேராக விழுந்தது. வீடியோவில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒரு கொடிகூட அசையவில்லை. அப்புறம் அவள் என் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டினாள். மூன்று கொடியும் ஒன்றாக எழுந்தது. நேரம் முடிந்தது, நான் வெளியே வந்தேன். இவங்களுக்கு என்ன கண்ணு பொட்டையா என்று பஸ்ஸில் ஏறியதிலிருந்து பொருமிக்கொண்டே வந்தேன். நடுவர்கள் அந்த ஊர்க்காரர்கள், அந்தப் பெண்ணும் அந்த ஊர்க்காரி, வேறென்ன வேண்டும் என்றேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டு, செஞ்சி தாண்டும்வரை வாயே திறக்கவில்லை. செஞ்சி தாண்டியதும் தூங்கிவிட்டாள்.

அவள் என் வயதுக்காரிதான். அவளுடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வழியில் குடும்பமே பாரிஸ் பக்கம் போய்விட்டது. அவள் அங்கேயே வளர்ந்து, அங்கேயே கெண்டோ கற்று, அங்கேயே கல்யாணம் செய்து, அங்கேயே அதை முறித்துக்கொண்டு, இங்கே இருக்கும் பூர்வீக வீட்டை விற்கலாம் என்று வந்தாள். வீடும் விற்கவில்லை, அவளும் திரும்பிப் போகவில்லை. பேச்சு மட்டும் அங்கேயும் வீட்டில் பேசிய பாண்டித் தமிழ்தான். நான் பாண்டிச்சேரி மேட்டுப்பாளையத்தில் வேலை பார்க்கும் அட்டைப்பெட்டி கம்பெனிக்கு, பிரான்சிலிருந்து வந்த இயந்திரத்தோடு வந்த காகிதங்களைப் படித்துச் சொல்ல அவளைக் கூட்டி வந்தார்கள். அப்படித்தான் பழக்கம். மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் வாரக் கடைசியில் ஏழெட்டுப் பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், வந்து பார் என்றாள். போய்ப் பார்த்தேன். ஒருத்தி இன்னொருத்தியை மூங்கிலால் தலையில் போட்டாள். எனக்கும் யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது. யாரை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அன்றைக்கே சேர்ந்துவிட்டேன்.

தோற்று வந்த அடுத்த சனிக்கிழமை கூடத்தில் என் புலம்பலை மறுபடி ஆரம்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீடியோவ சத்தம் வெச்சுப் பாத்தியா?" என்றாள்.

"எதுக்கு? பாக்குறதுக்குக் கண்ணு போதாதா?"

அவள் தன் போனை எடுத்து முழுச் சத்தம் வைத்து என் காதருகே பிடித்தாள். பலகைத் தரையில் கால்கள் இடிக்கிற சத்தம், பின்னால் கூட்டத்தின் இரைச்சல், அதையெல்லாம் தாண்டி அந்தப் பெண்ணின் குரல். அடிப்பதற்கு முன்னால் கத்துகிறாள், அடிக்கும்போது கத்துகிறாள், அடித்துவிட்டு என்னைக் கடந்து போகும்போதும் கத்திக்கொண்டே போகிறாள். என் பக்கமிருந்து ஒன்றுமே இல்லை. என் முதல் அடியில் கம்பு படுகிற சத்தம் மட்டும் 'டப்' என்று கேட்டது. இரண்டாவது அடியில் உற்றுக் கேட்டால் 'ஹ்' என்று ஒரு மூச்சு. சுடுதண்ணீரில் விரல் பட்டால் வருமே, அவ்வளவுதான்.

"கேட்டியா? கம்பு, காலு, கொரலு, மூணும் ஒண்ணா விழணும். ஒண்ணு கொறஞ்சாலும் அந்த அடி கணக்குல இல்ல. எத்தினி தபா சொல்லியிருக்கேன் உனக்கு?"

"அவ தலையில விழுந்துச்சா இல்லியா? அதச் சொல்லு."

"விழுந்துச்சி. விழுந்தது யாருக்குத் தெரியும்? உனக்கே தெரியல."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. கத்துவது ஒரு அலங்காரம், ஜப்பான்காரர்களின் பழக்கம், அடி நன்றாக இருந்தால் போதும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவள் விடவில்லை. நான் மூச்சை நெஞ்சுக்கு மேலேயே பிடித்து வைத்திருக்கிறேனாம். அதனால் தோள் தூக்கிக்கொள்கிறது, தோள் தூக்குவதால் வலது கால் பிந்துகிறது, கால் பிந்துவதால் கம்பு தனியாக விழுகிறது. எல்லாவற்றுக்கும் மூலம் தொண்டைதான் என்றாள். "வாயத் தொறந்தா எல்லாம் சரியாப்போவும். பாண்டிச்சேரியில கத்தத் தெரியாத பொம்பள உண்டாடி? வாயில என்ன கொழுக்கட்டையா?"

கொழுக்கட்டை இல்லை. எங்கள் தெருவில் கத்தாத வீடு எங்களுடையது ஒன்றுதான். அதற்குக் காரணம் அம்மா. அம்மா அப்படி ஆனதற்குக் காரணம் என் தம்பி.

தம்பி காலாப்பட்டில் ஒரு கேண்டீனில் வேலை பார்த்தான். காலையில் பைக்கில் போனவனை ஈசிஆர் ரோட்டில் லாரி அடித்தது. எங்களுக்கு யாரும் போன் செய்யவில்லை. எதிர்வீட்டு அண்ணனுக்குத்தான் முதலில் சேதி வந்தது. அவர் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தார். "யக்கா! ஒம் புள்ள ரோட்ல கெடக்குறான்க்கா!" அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஈரக்கையோடு, செருப்பில்லாமல், அந்தக் குரலை நோக்கி ஓடினாள். மெயின் ரோட்டைத் தாண்டுவதற்குள் மயங்கி விழுந்தாள்.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போட்டுத் தூங்கவைத்தார்கள். அப்பா அதற்குச் சில வருஷம் முன்பே செத்துப்போயிருந்தார். பெரிய மாமா சொன்னதுதான் சட்டம். ஏற்கனவே நெஞ்சு பலவீனம், பிள்ளையை அந்தக் கோலத்தில் பார்த்தால் இவளும் போய்விடுவாள் என்று அவர் முடிவெடுத்தார். தம்பி வீட்டுக்கே வரவில்லை. பிணவறையிலிருந்து நேராகச் சுடுகாடு. எங்கள் பக்கம் சாவு என்றால் பறை அடிப்பார்கள், வெடி போடுவார்கள், பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டுத்தான் நாலு தெருவுக்குச் சாவு தெரியும். தம்பிக்கு அதில் ஒன்றுகூட இல்லை. "அவ காதுக்கு ஒரு சத்தம் போவக் கூடாது. எவளாவது வாயத் தொறந்தீங்க, நான் மனுஷனா இருக்கமாட்டேன்" என்றார் மாமா. வேன் கிளம்பும்போது நான் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா கண் விழித்ததும் மாமாவே பக்குவமாகச் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். சரி என்றாள். குடிக்கக் காப்பி கேட்டாள். எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில், பழைய இரும்பு எடுக்கிறவர் தெருவில் கூவிக்கொண்டு போனார். அம்மா பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். அவர் முன்னால் போய் நின்று, "எங்க? எங்க கெடக்குறான்?" என்றாள். அந்த மனிதர் தள்ளுவண்டியை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

அதிலிருந்து இதே கதைதான். குக்கர் விசில், கோயில் லவுட்ஸ்பீக்கர், வெடி, எதுவும் அவளை ஒன்றும் செய்யாது. மனுஷன் தொண்டையைத் திறந்து கத்த வேண்டும், அவ்வளவுதான், எழுந்துவிடுவாள். கத்துகிற ஆளை நோக்கித்தான் ஓடுவாள். நாங்கள் பின்னால் ஓடிப் பிடித்து, "ஒண்ணும் இல்லம்மா, உள்ள வா" என்று கூட்டி வருவோம். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டால் தூங்கினாள், எழுந்தால் ஓடினாள். மற்ற நேரத்தில் நல்லாத்தான் இருப்பாள். மீன் வாங்கினால் விலை பேசுவாள், என் சமையலைக் கிண்டல் செய்வாள், தம்பி என்ற பேச்சையே எடுக்கமாட்டாள்.

எங்கள் தெரு நல்ல தெரு. மீன்காரம்மா எங்கள் வீடு வரும்போது கூவமாட்டார், அன்னக்கூடையைத் தட்டுவார். தண்ணி கேன் போடுகிறவர் பெல் அடிப்பார். நான் வேலைக்கோ போட்டிக்கோ போனால் எதிர்வீட்டு அண்ணன் மனைவி வந்து அம்மாவோடு இருப்பார். கம்பெனியில் இயந்திர இரைச்சலில் யார் கத்தினாலும் கேட்காது என்பதால் எல்லோருக்கும் கை ஜாடைதான். ஆகவே வருஷக் கணக்கில் நான் குரலை உயர்த்தவே வேண்டியிருக்கவில்லை. அப்படி ஒரு குரல் என்னிடம் இல்லை என்பதே, அந்த வீடியோவைச் சத்தம் வைத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள், அம்மா கையால் சாப்பிட்டிருக்கிறாள், ஆனால் இந்தக் கதை அவளுக்குத் தெரியாது. கையுறையை மடியில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தாள். "அப்ப இங்க கத்து. இங்கேர்ந்து ஒங்கம்மாவுக்குக் கேக்காது" என்றாள்.

இங்கே கத்திப் பழகுவதுதான் எனக்குப் பயம் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? கெண்டோவில் எதையும் யோசித்துச் செய்ய முடியாது. யோசிப்பதற்குள் அடி விழுந்துவிடும். உடம்பு தானாகச் செய்யும்வரை பழக வேண்டும். கத்துவதும் அப்படிப் பழகிவிட்டால்? ஒரு நாள் வீட்டில் கால்மேல் அம்மிக்கல் விழும், கரப்பான் பறக்கும், வாய் தானாகத் திறந்துகொள்ளும். அம்மா எழுந்து ஓடுவாள். எங்கள் தெருமுனையில் மெயின் ரோடு. அங்கே பஸ்காரன் எவனும் எவருக்கும் பிரேக் போடுவதில்லை. தம்பியை ஒரு ரோடு தின்றது போதும்.

இருந்தாலும் விட மனசு வரவில்லை. அந்தக் கொடி எழாதது தூக்கத்திலும் என்னைத் தின்றது.

அவள் என்னைப் பிள்ளைச்சாவடிக்குக் கூட்டிப்போனாள். விடிந்ததும் போனோம். கடல் கரையை அரித்துக்கொண்டே வந்து, பாதி வீடுகள் போய்விட்ட இடம் அது. தரை மட்டும் மிச்சமிருந்த ஒரு வீட்டின் மேல் நின்றோம். சிவப்பு சிமெண்ட் தரை, ஓரத்தில் அம்மி போட்டிருந்த தடம். அலை அடிக்கிற இரைச்சலில் என்ன கத்தினாலும் கரையிலேயே அமுங்கிவிடும் என்றாள். அவள் முதலில் கத்திக் காட்டினாள். ஒல்லிக்குச்சி உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம்.

என் முறை வந்தது. கம்பைத் தூக்கினேன், வலது காலை இடித்தேன், "மென்" என்றேன். விக்கல் மாதிரி வந்தது. மறுபடி. மறுபடி. வயிற்றிலிருந்து கிளம்புவது தெரியும், நெஞ்சுவரை ஏறுவதும் தெரியும், தொண்டைக்குழிக்கு வந்ததும் யாரோ கையை வைத்து அமுக்குவார்கள். வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு எங்களைப் பார்த்து ஒரே சிரிப்பு.

"ந்தாம்மா, இன்னா செய்யிற? யாரக் கூப்புடுற?"

"யாரையும் இல்லக்கா. சும்மா."

"சும்மாவா? சும்மா கூப்புட்டா எவன் வருவான்? நல்லா சத்தமா கூப்புடு!" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. அலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

மாதக் கணக்கில் போனோம். சத்தம் விக்கலிலிருந்து கனைப்பு வரைக்கும் வளர்ந்தது, அதற்கு மேல் ஒரு அடிகூட ஏறவில்லை. ஆனால் மூச்சு இறங்கியது. தோள் இறங்கியது. இடது கால் தரையை உதைப்பதும் வலது கால் இடிப்பதும் கம்பும் நெருங்கி வந்தன. பாதத்தில் கொப்புளம் உடைந்து, அதே இடத்தில் மறுபடி வந்து, கடைசியில் தோல் கெட்டித்துவிட்டது. அம்மா அதற்கு மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்துப் போடுவாள். "எந்த ராஜாவோட சண்டைக்குப் போவப் போற?" என்பாள்.

கூடத்தில் அவள் வேறு ஒரு வேலை செய்ய ஆரம்பித்தாள். என் முன்னால் கவசம் போட்டுக்கொண்டு நிற்பாள், கம்பை விலக்கித் தலையைக் காட்டுவாள், நான் அடிப்பேன். வழக்கமாக அடி விழுந்தால் தலையை ஆட்டுவாள், நகர்ந்து வழி விடுவாள். இப்போது ஒன்றும் நடக்காத மாதிரி நின்றாள். அடித்தேன், நின்றாள். மறுபடி அடித்தேன், கூரையைப் பார்த்தாள். இன்னொன்று ஓங்கிப் போட்டேன். பக்கத்தில் நின்றவளிடம், "மணி இன்னா ஆச்சி?" என்று கேட்டாள். ஒரு சனிக்கிழமை முழுக்க இப்படியே போனது. எனக்குக் கண்ணுக்குள் வேர்வை, அவளோ சுவர் மாதிரி நிற்கிறாள்.

அவ்வளவுதான், எனக்குப் பொறுமை போயிற்று. கம்பைத் தரையில் எறிந்தேன்.

"அடிச்சேன்டி! விழுந்துச்சில்ல! என்னாடி வேணும் உனக்கு? எத்தினி தபா அடிக்கிறது? கண்ணு தெரியல உனக்கு?"

கூடம் முழுக்க அதிர்ந்தது. மேலே இருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. கூடத்தைப் பூட்ட வந்தவர் வாசலில் எட்டிப் பார்த்தார். அவள் முகமூடிக் கம்பிக்குப் பின்னால் பல்லைக் காட்டினாள். "வ்வாலா!" என்றாள் பிரெஞ்சில். "இதத்தான்டி கேட்டேன். இத அடிக்கும்போது கத்து" என்றாள். மற்றவர்கள் கைதட்டினார்கள். நான் எறிந்த கம்பைக் குனிந்து எடுத்தேன். இவ்வளவு பெரிய சத்தம் எனக்குள்ளே எங்கே இருந்தது? இனிமேல் இதை எங்கே ஒளித்து வைப்பேன்? அன்று ராத்திரி அம்மா பரிமாறும்போது வாயைப் பாதிதான் திறந்து சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு கதவு திறந்த மாதிரிதான். "மென்" என்று கத்தினால் கம்பும் காலும் தாமாகவே கூட வந்து சேர்ந்துகொண்டன. எது பிந்துகிறது, எது முந்துகிறது என்று எண்ண வேண்டியே இருக்கவில்லை. அவள் சொன்னது சரிதான். வாயைத் திறந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. நான் வீட்டில் இன்னும் மெதுவாகப் பேச ஆரம்பித்தேன். "தொண்ட கட்டியிருக்கா?" என்று அம்மா கேட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பின்பக்கம் பயிற்சித் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தேன். அது சாயம் போகிற நீலத் துணி, கையெல்லாம் நீலம். தெருவில் இரண்டு வீட்டுக்காரர்களுக்கு பைக் நிறுத்துவதில் தகராறு. ஒருவர் புதிதாகக் குடி வந்தவர், எங்கள் வீட்டு விஷயம் தெரியாதவர். மரியாதையா எடுரா என்று அவர் கத்தினார். நான் கையை உதறிக்கொண்டு உள்ளே ஓடி வருவதற்குள் கதவு திறந்து கிடந்தது.

அம்மா தெருவில் இறங்கியிருந்தாள். அந்தச் சண்டையை நோக்கிப் போயிருந்தால் பிடித்திருப்பேன். ஆனால் அவள் அங்கே போவதற்குள் இருவரையும் விலக்கி உள்ளே தள்ளிவிட்டார்கள், சத்தம் நின்றுவிட்டது. அதே நேரம் மெயின் ரோட்டிலிருந்து யாரோ ஷேர் ஆட்டோவைக் கூப்பிட்டுக் கத்தினார்கள். அம்மா அந்தப் பக்கம் திரும்பி ஓடினாள். அறுபதைத் தாண்டிய பொம்பளை, அப்படி ஒரு ஓட்டம். நான் ஈரக்காலோடு பின்னால் ஓடினேன், வழுக்கி முட்டியில் விழுந்தேன். எழுந்து பார்க்கும்போது அவள் தெருமுனையில் இருந்தாள். காலாப்பட்டுப் பக்கம் போகிற பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்துகொண்டிருந்தது. எட்டிப் பிடிக்க முடியாது. அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"அம்மா!"

யோசித்துக் கத்தவில்லை. வலது கால் தரையை இடித்தது, வயிறு இறுகியது, சத்தம் வந்துவிட்டது. தெருவில் எல்லாக் கதவும் திறந்தது. அம்மா நின்றாள். பஸ் அவள் முன்னால் போய்விட்டது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அப்புறம் என்னை நோக்கி ஓடி வந்தாள்.

கத்தினவரிடம்தானே அவள் ஓடி வருவாள்! இத்தனை வருஷமும் அது தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை. நீலக் கையோடு, முட்டியில் ரத்தத்தோடு நின்றேன். அவள் வந்து என் இரண்டு தோளையும் பிடித்தாள்.

"எங்கடி? எங்க கெடக்குறான்?"

ஒண்ணும் இல்லம்மா, உள்ள வா. அதுதான் சொல்ல வேண்டும். வாய்வரை வந்தது. ஆனால் அடிவயிறு திறந்து கிடந்தது, பொய் சொல்ல மூச்சு இல்லை.

"ரோட்ல கெடந்தாம்மா. தம்பி செத்துட்டாம்மா."

அவள் என் முகத்தையே பார்த்தாள். ஏமாற்றுகிறேனா என்று பார்க்கிற பார்வை. மீன் வாங்கும்போது செவுளைத் திறந்து பார்ப்பாளே, அப்படி.

"செத்துட்டான்னா, ஏன்டி ஒருத்தருமே கத்தல?" என்றாள். "எதுத்த வூட்டுக்காரன் கத்துனான், ரோட்ல கெடக்குறான்னு. கெடக்குறான்னுதான சொன்னான்? அப்புறம் ஒரு சத்தத்தையும் காணோம். மேளம் இல்ல, வெடி இல்ல, ஒரு பொம்பள அழுவல. நீ கூட அழுவல. எம்புள்ள செத்தா தெருவே அழுவாதாடி? நான் எப்படிடி நம்புவேன்?"

மாமா சொன்னார் என்று சொல்வதா? துப்பட்டாவை வாயில் வைத்தேன் என்று சொல்வதா? அவள் என் தோளை விட்டாள். தெருவின் நடுவில் அப்படியே உட்கார்ந்தாள். வாய் திறந்திருந்தது, கை மாரில் இருந்தது. அப்புறம் ஒப்பாரி வந்தது.

"என் ராசா! என்னப் பெத்த ராசா! ஒன்ன ஒரு சத்தமில்லாம கொண்டு போனாங்களே!"

எதிர்வீட்டு அண்ணன் மனைவிதான் முதலில் ஓடி வந்தார். வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார். அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். அன்றைக்குக் காலையில் சாவு நடந்தது போல வட்டமாக உட்கார்ந்து, தோளில் கை போட்டு, ஆடி ஆடி அழுதார்கள். சண்டை போட்ட புதுக் குடித்தனக்காரர் பைக்கைத் தள்ளி ஓரமாக நிறுத்திவிட்டுக் கைகட்டி நின்றார். எதிர்வீட்டு அண்ணன் சுவரில் சாய்ந்து முகத்தை மறைத்துக்கொண்டார். நானும் அந்த வட்டத்தில் உட்கார்ந்தேன். என் தம்பிக்கு நான் அழுத முதல் சத்தம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. வரும்போது தொண்டையில் யாரும் கை வைக்கவில்லை.

அம்மா குணமாகிவிட்டாள் என்று சொல்ல ஆசைதான். இல்லை. ஓடுவது நின்றுவிட்டது, அவ்வளவுதான். இப்போது தெருவில் யாராவது கத்தினால் செய்கிற வேலையை வைத்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே அழுகிறாள். சோறு குறைந்துவிட்டது. கிண்டல் சுத்தமாக நின்றுவிட்டது. தம்பியின் பேச்சை எடுக்காதவள் இப்போது அதைத் தவிர வேறு பேசுவதில்லை. ஓடுகிறவரை அவளுக்கு அவன் ரோட்டில் எங்கோ கிடந்தான், போனால் தூக்கிவிடலாம். இப்போது அதுவும் இல்லை. மாமா வந்து என்னைக் கன்னாபின்னாவென்று திட்டினார். "நல்லாத்தான இருந்தா, நீ கெடுத்துட்ட" என்றார். நான் வாயைத் திறந்து "போங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். எழுந்து போய்விட்டார்.

அடுத்த போட்டிக்குப் போக எனக்கு மனசில்லை. அம்மாதான் போய்ட்டு வா என்றாள். கத்தினால்தான் கொடி எழும் என்று அதற்குள் அவளிடம் சொல்லியிருந்தேன். போனேன். முதல் ஆட்டத்திலேயே ஒருத்தி என்னை இரண்டு தட்டில் வெளியே அனுப்பிவிட்டாள். என்னைவிடப் பல வருஷம் மூத்த கை, தகராறே இல்லை. ஆனால் அந்த இரண்டு தட்டுக்கும் நடுவில் நான் ஒரு "மென்" அடித்தேன். மூன்று கொடியும் எழுந்தது. கெண்டோவில் புள்ளி வந்தால் சந்தோஷத்தைக் காட்டக் கூடாது, காட்டினால் கொடுத்த புள்ளியைத் திரும்ப எடுத்துவிடுவார்கள். எனக்கு அந்தக் கஷ்டமே இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா விளக்கு போடாமல் உட்கார்ந்திருந்தாள். ஜெயித்தாயா என்று கேட்கவில்லை.

"கத்துனியா?"

"கத்துனேம்மா."

"நல்லா கத்துனியா?"

"நல்லாத்தான் கத்துனேன்."

அவள் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வாசல் பக்கம் திரும்பினாள்.

"அவனுக்குக் கேட்டிருக்குமாடி?" என்றாள்.